மகள் கேர்ள் கைட்ஸில் சேரக் கேட்கிறாள், விடலாமா?

ஹட்டன் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் தரம் 7 படிக்கிறாள். பாடசாலையில் பெண் சாரணியர் குழுவில், அதாவது கேர்ள் கைட்ஸில், சேர வேண்டும் என்று நாண்டுகொண்டு நிற்கிறாள். சீருடைக்குக் காசு வேண்டும், சனிக்கிழமை பயிற்சி, இடைக்கிடை இரவு தங்கும் முகாம் என்கிறார்களாம். மாமியார், "வயசுக்கு வந்த பிள்ளையை ராத்தங்க அனுப்புறதா?" என்று மறுக்கிறார். படிப்பு கெட்டுப்போகாதா, இதனால் பிள்ளைக்கு உண்மையில் என்ன பிரயோசனம் என்பது தாயின் கேள்வி. தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர். கணவர் கொழும்பில் வேலை.

தங்கச்சி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: சேர்த்துவிடுங்கள். ஆனால் சேர்ப்பதற்கு முன் அந்தப் பாடசாலையில் குழு எப்படி நடக்கிறது என்று ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். அது என்ன என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் மலையகப் பாடசாலைகளில் சாரணியர் பொறுப்பாசிரியையாக இருந்திருக்கிறேன். நல்ல குழுவையும் பார்த்திருக்கிறேன், பெயருக்கு நடக்கிற குழுவையும் பார்த்திருக்கிறேன்.

இந்த இயக்கம் நம் மலையகத்துக்குப் புதிதில்லை. இங்கிலாந்தில் பேடன் பவல் ஆண் பிள்ளைகளுக்கென்று சாரணர் இயக்கத்தைத் தொடங்கினார். 1909இல் லண்டன் கிறிஸ்டல் பெலஸில் நடந்த சாரணர் கூட்டத்துக்குச் சில பெண் பிள்ளைகள் யாரும் அழைக்காமல் தாங்களாகவே போய், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அடுத்த வருடமே பெண்களுக்கான இயக்கம் உருவானது. பேடன் பவலின் தங்கை அக்னெஸ் அதை முன்நின்று நடத்தினார். ஏழு வருடத்தில், 1917இல், அது இலங்கைக்கு வந்தது. வந்து இறங்கிய இடம் கொழும்பு இல்லை. இலங்கையின் முதல் குழு கண்டியில், பெண்கள் உயர்தரப் பாடசாலையில்தான் தொடங்கியது. ஆக, இந்த நாட்டில் இந்த இயக்கத்தின் தாய்வீடு மலைநாடு.

ஆனால் கண்டி டவுனுக்கு வந்தது தோட்டத்துக்கு வர எத்தனையோ காலம் எடுத்தது. அந்த 1917இல் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடமே கிடையாது. அப்புறம் வந்த தோட்டப் பள்ளிக்கூடங்களும் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். பத்து வயதில் பிள்ளை கொழுந்து பறிக்கப் போகும், இல்லையென்றால் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கும். 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்று, பிறகு மெல்ல மெல்ல மேல் வகுப்புகள் வந்து, நம் பெண் பிள்ளைகளே படித்து ஆசிரியைகளாகத் திரும்பி வந்த பிறகுதான் சாரணியம் நம் பக்கம் வேர்விட்டது. உங்கள் மாமியாருக்கு இது அந்நியமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. அவர் காலத்தில் அவருக்கு யாரும் இதைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

சரி, அங்கே என்னதான் செய்கிறார்கள்?

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சீருடை, மூன்று விரல் வணக்கம், இடக்கையால் கைகொடுப்பது, அணிநடை இவைதான் கண்ணில் படும். உள்ளே இருக்கிற உயிர் வேறு. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தது ஓர் அணி. அந்த அணிக்கு ஒரு தலைவி, ஒரு துணைத்தலைவி. அவர்களும் பிள்ளைகள்தான், பதின்மூன்று பதினான்கு வயது. யார் என்ன வேலை, முகாமுக்கு என்ன சமைப்பது, சேர்த்த காசை எப்படிச் செலவழிப்பது, சண்டை வந்தால் எப்படித் தீர்ப்பது, எல்லாம் அணி தீர்மானிக்கும். அணித்தலைவிகள் கூடிப் பேசி முழுக் குழுவுக்குமானதை முடிவு செய்வார்கள். ஆசிரியை பக்கத்தில் இருப்பார். ஆபத்தென்றால் மட்டும் கைவைப்பார்.

நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போனால் இன்றைக்கு எந்த மலை என்று கணக்கப்பிள்ளை சொல்வார். எத்தனை கிலோ என்று கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு சொல்லும். வீட்டில் அப்பாவோ மாமாவோ சொல்வார்கள். பாடசாலையில் நாங்கள் சொல்வோம், பிள்ளை எழுதும். ஒரு தோட்டத்துப் பெண் பிள்ளையிடம் "நீ என்ன நினைக்கிறாய், எப்படிச் செய்யலாம்?" என்று யாராவது கேட்பது எத்தனை வயதில் நடக்கிறது? பலருக்கு நடப்பதே இல்லை. அணியில் அது வாராவாரம் நடக்கும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒருமுறை பாடசாலை மைதானத்திலேயே இரண்டு நாள் முகாம் போட்டோம். டவுனிலிருந்து வந்த பிள்ளைகள் கொஞ்சம், தோட்டத்துப் பிள்ளைகள் கொஞ்சம். இரவு முழுக்க மழை. காலையில் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. மூன்று அணிகள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றிப் பார்த்தார்கள். குப்பென்று எரியும், அணையும். உதவிக்கு வந்த ஆசிரியை ஒருவர் கேஸ் அடுப்பைக் கொண்டுவரலாம் என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றேன்.

நாலாவது அணியில் ஒரு பிள்ளை இருந்தாள். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்வாள். வாயில் சத்தம் வராது. அவள் விறகுக் குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கத்தியை எடுத்து ஒரு கட்டையின் பட்டையை உரித்தாள். உரித்ததை நாலாகப் பிளந்தாள். உள்ளே காய்ந்த வெள்ளை நாரைச் சீவிச் சீவி உள்ளங்கையில் சேர்த்தாள். பிறகு திரும்பி, அணியில் ஒருத்தியிடம், "கென்டீன் கூரைக்குக் கீழ கவ்வாத்துக் குச்சி அடுக்கியிருக்கு. அத கேட்டு எடுத்துட்டு வா. பெரிசு வேணாம், வெரல் மொத்தம் போதும்" என்றாள். அவள் ஒருத்தருக்கு வேலை சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி எப்படி எரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடியில் இரண்டு கல், அதன்மேல் குறுக்காகக் குச்சி, நடுவில் சீவல். ஊதாமல் விசிறினாள். பத்து நிமிடத்தில் அடுப்பு பிடித்துக்கொண்டது. மற்ற மூன்று அணியும் நெருப்பு வாங்க அவளிடம் வந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கே பழகினாய் என்று கேட்டேன். அம்மா விடியக்காலையில் மலைக்குப் போய்விடுவார், ஏழு வயதிலிருந்து தான்தான் அடுப்பு மூட்டுவதாகச் சொன்னாள். டவுன் பிள்ளைகளுக்கு முன்னால் இதைச் சொல்ல அவள் அதுவரை வெட்கப்பட்டிருக்கிறாள். அடுத்த மாதம் அணித்தலைவி தெரிவு நடந்தபோது அணியில் மற்ற ஏழு பேரும் அவளைத்தான் தெரிவு செய்தார்கள். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளையும் அதே அணியில் இருந்தாள். அவளும் இவளுக்குத்தான் கையை உயர்த்தினாள்.

குணம், பண்பு, தலைமைத்துவம் என்று மேடையில் எத்தனை மணி நேரம் பேசினாலும் பிள்ளைக்கு அது வராது. நனைந்த விறகும் பசியோடு ஏழு பேரும் முன்னால் இருந்து, பெரியவர் யாரும் குறுக்கே வராமல் இருந்தால் வரும். நான் கண்டது அதுதான்.

இப்போது அந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகளின் பாடசாலைக் குழுவில் அணிகள் இருக்கின்றனவா, அணிகள் தாங்களாகக் கூடிப் பேசுகின்றனவா என்று கேளுங்கள். சில இடங்களில் சாரணியர் என்றால் விழாவுக்கு வருகிற பிரமுகருக்கு வரிசையில் நின்று வரவேற்புக் கொடுக்கும் பிள்ளைகள், அவ்வளவுதான். காலை எட்டு மணியிலிருந்து வெயிலில் நிற்பார்கள். பிரமுகர் பதினொன்றரைக்கு வருவார். இரண்டு நிமிடத்தில் மாலையைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் போய்விடுவார். பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். வருடம் முழுக்க இதையே செய்கிற குழுக்கள் இருக்கின்றன. எனக்கு இது பெரிய மனவருத்தம். ஏற்கெனவே வரிசையில் நிற்பதற்கென்றே வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளை, இன்னொரு வரிசையில் நிறுத்துவதற்கு ஒரு இயக்கம் தேவையில்லை. ஆண்டுக்கு இரண்டு விழாவுக்கு நிற்பது பரவாயில்லை, அது மரியாதை. அது மட்டுமே என்றால் பொறுப்பாசிரியையிடம் போய்ப் பேசுங்கள். உங்களோடு இன்னும் நாலு தாய்மார் வந்தால் நிச்சயம் காது கொடுப்பார்.

மகளிடமே கேட்டாலும் தெரிந்துவிடும். "போன கிழமை என்ன செய்தீங்க?" என்று கேளுங்கள். "முடிச்சுப் போடப் பழகினோம், அடுத்த முறை யார் என்ன கொண்டுவாறது என்று பேசினோம், எனக்கும் அவளுக்கும் சண்டை வந்து அணித்தலைவி தீர்த்துவைத்தாள்" என்றால் நல்ல குழு. "நின்றோம்" என்றால் யோசிக்க வேண்டும்.

காசு விஷயம். இதில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில், சீருடை இல்லாத பிள்ளைகளை அணிவகுப்பில் பின்வரிசையில் நிறுத்துவேன். முன்வரிசை ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற எண்ணம். கெட்ட நோக்கம் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை மூன்று கிழமை பின்வரிசையில் நின்றாள், நாலாவது கிழமை வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. அந்த மாதம் அவளுடைய அம்மாவுக்கு எத்தனை நாள் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தது என்று எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அந்தப் பிள்ளையை நான் பின்னால் நிறுத்தவில்லை, வெளியே தள்ளினேன் என்பது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. அதற்கு அடுத்த வருடம் பாடசாலை ஸ்டோரில் ஒரு தகரப் பெட்டி வைத்தோம். உயர்தரம் முடித்துப் போகிற பிள்ளைகள் சீருடையைத் துவைத்து, பொத்தான் தைத்து அதில் போட்டுவிட்டுப் போவார்கள். யாருக்கு எது என்று அணித்தலைவிகள்தான் பார்த்துக் கொடுப்பார்கள், ஆள் தெரியாமல். சின்னமும் கழுத்துப்பட்டியும் மட்டும் வாங்க வேண்டி வரும். ஆகவே நீங்கள் முதல் மாதமே தையல்காரரிடம் ஓட வேண்டாம். பழைய சீருடை இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லையென்றால் பாடசாலைச் சீருடையோடு வரலாமா என்று கேளுங்கள். எப்படியும், உறுதிமொழி எடுக்கும் முன் சில மாதம் பழகும் காலம் இருக்கிறது. பிள்ளைக்கு இது பிடிக்கிறதா என்று பார்க்க அதுவே போதும்.

படிப்பு கெடுமா? கெடாது, நேரத்தைச் சரியாகப் பிரித்தால். தரம் 7இல் கிழமைக்கு இரண்டு மணி நேரம் ஒரு பாரமில்லை. சாதாரணதரப் பரீட்சை வருடத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அதே நேரம் உங்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: சாரணியர் சான்றிதழ் இருந்தால் கம்பஸ் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல்கலைக்கழக அனுமதி பெரும்பாலும் உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளியில்தான். ஜனாதிபதி விருது வரை போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அது பெரிய கெளரவம், நேர்முகப் பரீட்சைகளில் அவளைப் பற்றிப் பேசும். ஆனால் அதை நினைத்துச் சேர்க்கக் கூடாது.

மாமியாரின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பெண் பிள்ளையை வளர்த்த மனுஷிக்கு வருகிற பயம் அது, அதில் நியாயம் இருக்கிறது. அவரோடு வாதாடுவதை விட, அவர் கேட்கக்கூடிய கேள்விகளை நீங்களே முன்கூட்டிப் பாடசாலையில் கேட்டு விடையோடு வாருங்கள். முகாமுக்கு எந்தப் பெண் ஆசிரியைகள் போகிறார்கள், எத்தனை பேர்? இரவில் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? கழிவறை எவ்வளவு தூரம், இரவில் தனியாகப் போக விடுவார்களா? அதிபரின் எழுத்துமூல அனுமதி இருக்கிறதா? உங்கள் கையெழுத்து இல்லாமல் எந்தப் பிள்ளையையும் முகாமுக்குக் கூட்டிப்போகக் கூடாது. பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்குமா? சந்தியிலிருந்து லயத்துக்கு நடக்கிற பாதையில் பொழுதுபட்டால் சிறுத்தை நடமாட்டம் இருக்கிற தோட்டங்கள் உண்டு. நாங்கள் எப்போதும் மூன்று மணிக்கு முடித்து, ஒரே தோட்டத்துப் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புவோம். இதையெல்லாம் கேட்கிற தாயைப் பார்த்து ஒரு நல்ல பொறுப்பாசிரியைக்குக் கோபம் வராது. கோபம் வந்தால், அந்த முறை முகாமுக்கு அனுப்ப வேண்டாம்.

முடிந்தால் மாமியாரையே ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். உறுதிமொழி எடுக்கிற நாளில் வீட்டாரை அழைப்பார்கள். எங்கள் குழுவில் ஒரு அப்பாயி அப்படி வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பேத்தி கழுத்துப்பட்டியைக் கழற்றி முக்கோணமாக மடித்து, ஒரு சின்னப் பிள்ளையின் கையைத் தூக்கிக் கட்டிக் காட்டினாள். அந்த முடிச்சைப் பாட்டி கிட்டே போய்ப் பார்த்தார். வலது நுனி இடது நுனிக்கு மேலே போய் ஒரு சுற்று, அப்புறம் இடது நுனி வலதுக்கு மேலே ஒரு சுற்று. தட்டையாகப் படுத்துக்கொள்ளும், நோயாளிக்கு உறுத்தாது, இறுக இறுக வழுக்காது, அவிழ்க்க வேண்டும் என்றால் ஒரு பக்கத்தை இழுத்தால் போதும். இரண்டு முறையும் ஒரே பக்கம் போட்டால் முடிச்சு கோணலாக நிற்கும், நழுவிவிடும். பாட்டி கவ்வாத்துக் கட்டு கட்டிக் கட்டியே வயதானவர். "நான் போடுறதும் இதுதானே" என்றார். பேத்தி பார்த்துவிட்டு, "இல்ல அப்பாயி, நீங்க போடுறது நழுவும்" என்று அவர் கையைப் பிடித்தே திருத்தினாள். அடுத்த முகாமுக்கு அந்தப் பாட்டியே பொரிவிளாங்காய் உருண்டை பிடித்து அனுப்பினார்.

இது கிறிஸ்தவ இயக்கமா என்று சிலர் கேட்பார்கள், மிஷன் பள்ளிக்கூடங்கள் வழியாக வந்ததால். இல்லை. தூக்குகிற மூன்று விரலும் உறுதிமொழியின் மூன்று பகுதி: இறைவனுக்கும் நாட்டுக்கும் கடமை, பிறருக்கு உதவி, சாரணியச் சட்டத்தை மதித்து நடத்தல். எந்த இறைவன் என்பது அவரவர் வீட்டு விஷயம். திருநீறு பூசிய பிள்ளையும் சிலுவை போட்ட பிள்ளையும் பர்தா போட்ட பிள்ளையும் பௌத்தப் பிள்ளையும் ஒரே வரிசையில் அதே விரலைத்தான் தூக்குகிறார்கள்.

இனி பிரயோசனம். அணி பழக்குகிற தைரியத்தைச் சொல்லிவிட்டேன். நம் மலையில் இந்தப் பயிற்சி நேரடியாக உயிரைக் காக்கிற இரண்டு இடங்களையும் சொல்ல வேண்டும்.

முதலாவது மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். பாடசாலைக்குப் போயிருந்த சில பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் குழுவில் மழைமானி வைப்பதை ஓர் அணியின் பொறுப்பாக்கினோம். கடையில் வாங்கியது இல்லை. பக்கம் நேராக இருக்கிற பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்து, மேல் பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே செருகுவது. போத்தலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால், நேரான பகுதி தொடங்கும் வரை கூழாங்கல் போட்டு நீர் நிரப்பி, அந்த நீர்மட்டத்தில் பூச்சியம் என்று கோடு. அதற்கு மேலே மில்லிமீற்றர் அளவு. மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் நிறுத்தி, தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதிவிட்டு மறுபடி பூச்சியத்துக்குக் கொண்டுவருவது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்துக்கு மழையளவை வைத்துப் படி சொல்லியிருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டியதுதான். பிள்ளைகள் போத்தலில் இந்த மூன்று இடத்திலும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நாடா ஒட்டினார்கள். போத்தல் அவ்வளவு உயரம் வேண்டும் என்பதால் இரண்டு லீற்றர் போத்தல்தான் சரிவரும். அதோடு அறிகுறிகளையும் படித்தார்கள்: நிலத்தில், சுவரில் புதிதாக வெடிப்பு, கம்பமும் மரமும் சாய்வது, ஊற்று திடீரென்று கலங்குவது, புது இடத்தில் நீர் கசிவது, இருந்த ஊற்று நின்றுபோவது. லயத்துக்குப் பின்னால் இருக்கிற பீலியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்ததைக் கண்டு ஒரு பிள்ளை வீட்டாரை எழுப்பி, தோட்டத்து ஐயாவுக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்ல வைத்தாள். அன்றிரவு ஆறு குடும்பம் கோயில் மண்டபத்தில் படுத்தார்கள். அந்தச் சரிவு அன்றைக்கு விழவில்லை. விழாவிட்டாலும் அவள் செய்தது சரி என்று மறுநாள் குழுவில் எழுந்து நின்று சொன்னேன். அடுத்த முறை சொல்லப் பிள்ளை தயங்கக் கூடாது அல்லவா? பிள்ளை சொன்னதைக் கேட்டுப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போன அந்த ஆறு குடும்பத்தையும் நான் மெச்சுகிறேன்.

இரண்டாவது குளவி. கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது நமக்கு மாதாமாதம் கேட்கிற செய்தி. நாம் எல்லாவற்றையும் குளவி என்றுதான் சொல்கிறோம். சில நேரம் அது மலைத்தேனீ, பாறையிலும் பெரிய மரத்திலும் அடை கட்டுகிற பெரிய இனம். இந்த வித்தியாசம் முதலுதவியில் முக்கியம். தேனீ கொடுக்கைத் தோலில் விட்டுவிட்டுப் போகும், அது விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். உடனே நகத்தாலோ அட்டை விளிம்பாலோ வழித்து எடுக்க வேண்டும். குளவி பெரும்பாலும் கொடுக்கை விடாது, ஆனால் திரும்பத் திரும்பக் கொட்டும். எதுவானாலும் முதலில் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, கூட்டிலிருந்து தூரமாக ஓட வேண்டும். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரம் கழற்ற வேண்டும். சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி. மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குதல், வாந்தி, தலைசுற்றல் இருந்தால், அல்லது நிறையக் கொட்டியிருந்தால், சுண்ணாம்பு தடவிக்கொண்டு நேரத்தைக் கடத்தக் கூடாது. 1990 அம்புலன்சுக்கு அடித்து ஆஸ்பத்திரி. எங்கள் பிள்ளைகள் இதைப் பழகி, பிறகு லயம் லயமாகப் போய் அம்மாமாருக்குச் செய்து காட்டினார்கள். மலைக்குப் போகிற உங்களுக்கு உங்கள் மகளே இதைச் சொல்லித் தரட்டும்.

இன்னொரு இலக்கம் 1929. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் அவசர இலக்கம். யாராவது தொட்டால், மிரட்டினால், படிப்பை நிறுத்தி வீட்டுவேலைக்கு அனுப்பப் பார்த்தால் பிள்ளை யாரிடம் சொல்வது என்பதையும் அணியில் பேசுவோம். பெரியவர்களிடம் சொல்ல முடியாததைத் தன் அணித்தலைவியிடம் சொன்ன பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த அணித்தலைவி கையைப் பிடித்து என்னிடம் கூட்டிவந்திருக்கிறாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

மொழியும் ஒரு லாபம். மாவட்ட, தேசிய முகாம்களில் சிங்களப் பிள்ளைகளோடு கலந்து போடுவார்கள். முதல் நாள் நம் பிள்ளைகள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். மூன்றாவது நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே இந்தப் பக்கம் "லூனு", அந்தப் பக்கம் "வெங்காயம்" என்று மாறி மாறிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வருடா வருடம் பெப்ரவரி 22, உலக சிந்தனை நாளில், 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிற சாரணியர் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த இயக்கத்தின் உலக மையங்களில் ஒன்று இந்தியாவில் பூனாவில் இருக்கிறது, 1966இல் திறந்தது. அதற்கு வைத்த பெயர் சங்கம். லயத்துக் காம்பராவில் இருக்கிற பிள்ளைக்குத் தன் மலைக்கு அப்பால் தன்னை மாதிரி ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிவது சின்ன விஷயம் இல்லை.

உங்கள் மகளின் பாடசாலையில் குழு இருப்பதால் தப்பினீர்கள். இதை வாசிக்கிற மற்றத் தாய்மாரின் பாடசாலையில் இல்லையென்றால், ஆர்வமுள்ள ஓர் ஆசிரியையும் அதிபரின் சம்மதமும் ஓர் அணி அளவு பிள்ளைகளும் இருந்தால் தொடங்கலாம். வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரித்தால் மாவட்ட சாரணியர் ஆணையாளரிடம் வழிகாட்டுவார்கள். ஆசிரியைக்கான பயிற்சியை அவர்கள்தான் தருவார்கள்.

கடைசியாக, முதல் முகாம் வரும்போது என்ன கொடுத்துவிடுவது என்று கேட்பீர்கள். ஒரு சீலைத் துணியில் உப்பும் தேசிக்காய் சாறும் கலந்து நனைத்துச் சின்ன முடிச்சாக, அட்டைக் கடிக்கு. டோர்ச். மாற்றுடுப்பு இரண்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஏனென்றால் மழை நிச்சயம். கம்பளி. நாப்கின், மாதவிடாய்த் திகதி இல்லாவிட்டாலும். முகாமில் யாருக்காவது தேவைப்படும். சிரட்டை மாதிரி உடையாத கோப்பை ஒன்று. நகையும் போனும் வேண்டாம். எல்லாவற்றையும் எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள். மூட்டையை அவள் கட்டட்டும்.